ஆற்றும் கை

தோடு தானாகக் கழன்று மேசையில் விழுந்தது. பேர்ணடெற் அதை எடுத்துத் திரும்பப் போடப் பார்த்தாள். காதில் துளை இல்லை.

ரொறன்ரோவில் ஒரு பல்கலைக்கழகத்தின் நிலவறையில், அகழ்ந்தெடுத்த பழம்பொருட்களைப் புத்தகத்துக்காக வரைந்து கொடுப்பது அவள் வேலை. அந்தப் பனிக்காலத்தில் அவள் மேசைக்கு வந்திருந்தது, கருங்கடற்கரையில் கிரேக்கர் குடியேறிய பட்டினமொன்றின் சிற்பக்கல். அதில், கோயிலில் ஒரு நோயாளி உறங்குகிறான். பாம்பு சுற்றிய தடியோடு தாடிக்கார வைத்தியக் கடவுள் அஸ்கிளேப்பியஸ் குனிந்து அவன் தோளைத் தொடுகிறார். அப்படி உறங்குபவர்களின் கனவில் வந்து குணமாக்குவாராம்.

அவள் கணவன் பஸ்ரியனின் காலில், தொண்ணூறில் மன்னாரில் ஷெல் கிழித்த புண் கனடா வந்தும் ஆறவில்லை. அதனால்தான் முதல்நாள், மடு மாதாவிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுவிட்டு, அந்தக் கல்லுக் கையின்மேல் தன் கையை வைத்து, தங்கள் இருவரின் காயமெல்லாம் மூடவேண்டும் என்று கேட்டிருந்தாள். கல் வெதுவெதுப்பாக இருந்தது.

தோடு கழன்ற அன்று மாலை, டோர்செட் பார்க் அடுக்குமாடியில், மீன் பொரித்த மணம் அடைத்துக்கிடந்த நடையைக் கடந்து வீட்டுக்கு வந்தபோது, பஸ்ரியன் ஊன்றுகோல் இல்லாமல் நடந்துவந்து கதவைத் திறந்தார்.

"மத்தியானம் கண்ணயர்ந்தனான். தாடிக்கார ஐயா ஒருத்தர் வந்து தொட்டவர். இன்னும் கொஞ்சம் இருக்காம், நாளைக்கும் வாறாராம்."

அவள் அவர் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். புண் இருந்த இடத்தில் தழும்பு இல்லை. மயிர்க்கால் கூட இல்லை.

மறுநாள் அவருடைய தொப்புளைக் காணவில்லை. அவர் சிரித்தார்.

அதற்கடுத்த காலை அவள் கூப்பிட்டது அவருக்குக் கேட்கவில்லை. காதுமடலுக்குள் வழவழப்பான தோல். ஆஸ்பத்திரிக்கு வரும்படி கையைப் பிடித்து இழுத்தாள். அவர் புன்னகைத்தபடி மறுபடி படுத்துவிட்டார், கனவுக்கு அவசரப்படுபவரைப்போல.

பேர்ணடெற் நிலவறைக்கு ஓடினாள். கல்லைத் தொட்டாள்.

"காணும் ஐயா, ஆற்றினது காணும். விட்டிடுங்கோ."

கல் பனிக்கட்டியாய்க் குளிர்ந்து கிடந்தது. ஐயா இங்கே இல்லை.

வீட்டுக்குப் போன் எடுத்தாள். மணி அடித்துக்கொண்டேயிருந்தது. கேட்டால்தானே எடுப்பார்.

பஸ். பனி. லிஃப்ட். கதவு.

பட்டப்பகல். ஹீட்டரின் சீறல். மருந்தும் எண்ணெயும் கலந்த, இந்த வீட்டுக்குரியதல்லாத வாசனை.

பஸ்ரியன் கட்டிலில் நிமிர்ந்து இருந்தார். அவள் பக்கம் முகத்தைத் திருப்பினார்.

கண்கள் இல்லை. வாய் இருந்த இடத்தில் குழந்தையின் கன்னம்போலப் புதுத்தோல். அதன் அடியில் தாடை அசைந்தது. அவள் பெயரைச் சொல்லும் அசைவு.

ஒரு மூக்குத்துளை மட்டும் மிச்சமிருந்தது.

அது மெல்ல ஆறிக்கொண்டிருந்தது.