கை நடுங்கவில்லை

சனிக்கிழமை காலை வழக்கம்போல் தன்விகா இரண்டு உள்ளங்கைகளையும் ஸ்டீயரிங்கின் மேல் வைத்தாள். வண்டியும் ஓட்டுபவரும் நலம் என்று, வண்டிகளையெல்லாம் கண்காணிக்கும் கணினி வலையான காவல்வலை சொன்ன பிறகுதான் வண்டி மனிதக் கைக்கு வரும். ஊரில் மற்ற வண்டிகளெல்லாம் தன்னோட்டத்தில் தாமாகவே போய்வந்துகொண்டிருந்தன. கையால் ஓட்ட மிஞ்சியிருந்தது கோவைக்குத் தெற்கே இருந்த இந்தக் கையோட்டக் களம் ஒன்றுதான். ஐம்பத்திரண்டு வயதில், தன் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காருக்காகவே அவள் அங்கே ஓட்டும் உரிமத்தை வைத்திருந்தாள்.

அன்று வண்டி கைக்கு வரவில்லை. திரையில் எழுத்து ஓடியது: ‘வாகனம் நலம். ஓட்டுநரின் கைகளில் நடுக்கம். பத்து நாட்களில் உரிமத்தை ஒப்படைக்கவும்.’

இரண்டு வாரமாகவே வேகத்தில் பிரேக் மிதித்தால் ஸ்டீயரிங் உதறியது. அவள்தான் புகார் கொடுத்தாள். காவல்வலை வண்டியைத் தானே ஓட்டி, தானே பிரேக் போட்டுப் பார்த்தது, எதுவும் அகப்படவில்லை. வண்டியில் குறை இல்லையென்றால் ஆளிடம்தான் குறை. அதன் கணக்கு அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து ஜன்னலோரம் கையை நீட்டிப் பார்த்தாள். பார்க்கப் பார்க்க விரல்கள் நடுங்குவது போலத்தான் இருந்தது. அவளுக்குக் கோபம் வந்தது. மெக்கானிக் தோழி ரெஹானாவை அழைத்தாள்.

காவல்வலையின் அனுமதியில்லாமல் சக்கரத்தைக் கழற்றுவது குற்றம். அது தெரிந்தும் ரெஹானா களத்துக்கு வந்து ஜாக்கியை வைத்தாள்.

“சும்மா ஓடுறப்ப ஆடுதா தனு?”

“இல்லடி. பிரேக் மிதிச்சாத்தான்.”

“சீட்டு அதிருதா, ஸ்டீயரிங்கா?”

“ஸ்டீயரிங்தான்.”

“அப்ப வீல் பேலன்ஸால இல்ல. பின்னாடி பிரேக்காலயும் இல்ல. முன் டிஸ்க்கப் பாப்போம்.”

வலது டிஸ்க், அதாவது பிரேக் கவ்விப் பிடிக்கும் இரும்புத் தட்டு, சரியாக இருந்தது. இடதை ரெஹானா மைக்ரோமீட்டரால் எட்டு இடத்தில் அளந்தாள். ஓரிடத்தில் இருபத்தெட்டு மில்லிமீட்டர். அரைச் சுற்று தள்ளி, தலைமுடியில் பாதிக் கனம் குறைவு.

“இத்துனூண்டுக்கா அப்படி உதறுது?”

“நீ நூத்தியெண்பதுல இருந்து மிதிக்கிற. வலை நாப்பதுல போயி, பூ மாதிரி மிதிக்குது. அதுக்கு எங்க தெரியப் போகுது?”

மாற்று டிஸ்க்குகளைத் தேர்ந்தெடுப்பதிலும் தகராறு வந்தது. வலை அனுமதித்தவை தன்னோட்ட வண்டிகளுக்கான மெல்லிய தகடுகள். களத்தின் சூட்டுக்கு அவை ஒரு வாரம் தாங்காது. துளை போட்டவை பார்க்க அழகாக இருக்கும் என்றாள் தன்விகா. “அந்த ஓட்டையில இருந்துதான் விரிசல் விடும்” என்று ரெஹானா தள்ளிவிட்டாள். கோவை கணபதியில் ஒரு வார்ப்படப் பட்டறையில், நடுவே காற்றுப் போகும் கனத்த வார்ப்பிரும்பு டிஸ்க்குகளைச் சொல்லிச் செய்யவைத்து, இரண்டு பக்கத்துக்கும் வாங்கி வந்தாள். வலையின் பட்டியலில் அவை இல்லவே இல்லை.

“இப்ப மாட்டாத” என்றாள் தன்விகா. “மொதல்ல உரிமத்த வாங்கிட்டுப் போக வர்ற ஆபீசர் வரட்டும்.”

பத்தாம் நாள் உரிமத்தை வாங்கிப்போக நித்திலன் என்ற அதிகாரி களத்துக்கு வந்தார். முப்பத்தைந்து வயது, பிறந்ததிலிருந்து ஸ்டீயரிங்கைத் தொட்டதில்லை.

“குடுக்கறனுங்க. அதுக்கு முன்னாடி ஒரே ஒரு ரவுண்டு, நீங்க ஆய்வு அனுமதி போட்டா வண்டி கைக்கு வருமுங்க. பக்கத்துல உக்காருங்க.”

அவர் தயங்கினார். அவள் பார்த்த பார்வையில் ஏறி உட்கார்ந்தார். நேர்பாதையில் முள் நூற்றெண்பதைத் தொட்டது. தன்விகா இரண்டு கைகளையும் தூக்கிவிட்டாள்.

“ஸ்டீயரிங்கப் புடிங்க!”

“ஐயோ, என்னங்க இது!” எட்டிப் பிடித்தார். அவள் பிரேக்கை மிதித்தாள். அவர் கைகள் தோள்வரை உதறின. வண்டி நின்றபோது திரையில் எழுத்து ஓடியது: ‘ஓட்டுநர் நித்திலன். கைகளில் நடுக்கம்.’

ரெஹானா அங்கேயே புது டிஸ்க்குகளை மாட்டினாள். நிதானமாகச் சில சுற்றுகள் ஓட்டி, பிரேக் பேடுகள் புது டிஸ்க்கில் படியும்வரை பிரேக்கைப் பழக்கினார்கள். பிறகு அதே பாதை, அதே வேகம், அவர் கையில் அதே ஸ்டீயரிங். அது அசையவில்லை.

“வலை சொல்றதத்தான் நான் ரிப்போர்ட்ல போட முடியுமுங்க” என்றார் அவர் மெல்ல.

“போடுங்க. அப்படியே உங்க பேரையும் சேத்துப் போடுங்க.”

நித்திலன் திரையில் வந்திருந்த தன் பெயரை மறுபடி எடுத்துப் படித்தார். பிறகு தன்விகாவின் ஆணையை ரத்து செய்து கையெழுத்திட்டார். “இந்த நடுக்கம்னு வலை சொன்னதால உரிமத்தத் திருப்பிக் குடுத்தவங்க முன்னூத்திப் பதினோரு பேருங்க. யாருமே எதிர்த்துக் கேக்கல.”

“அந்த லிஸ்ட்டக் குடுங்க.”

“அது விதிப்படி…”

“குடுங்க.”

கொடுத்தார். முதல் பெயர் திருப்பூரில் தருண் என்பவர். அழைத்தாள்.

“வண்டி ஓட்டறத விட்டுட்டனுங்க, அது செட்டுல கெடக்குது” என்றது தளர்ந்த குரல். “எனக்குக் கை நடுக்கம். பேத்தி பொறந்து நாலு வருசமாச்சு, இன்னும் நான் தூக்குனதில்ல. கீழ போட்டுருவனோன்னு பயம்.”

“உங்களுக்கு எப்ப நடுங்குச்சு? பிரேக் மிதிக்கறப்ப மட்டுந்தானுங்களே?”

“ஆமாங்க” என்றார்.

“உங்க வண்டிய நாங்க வந்து கழட்டிப் பாக்கறோம். நீங்க இப்பவே போயிப் புள்ளயத் தூக்குங்க.”