பாறைச்செவி

கரட்டுமலைச் சுரங்கத்தில் ஆயிரத்துப் பதினோராவது நாளாக ஒருவருக்கும் ஒரு கீறல்கூட விழவில்லை. இன்பவல்லிக்குப் பிடிக்காமல் போனது அதுதான்.

அவள் பிறவியே அப்படி. கேஸை மூடிவிட்டு வாசல்வரை வந்து, திரும்பிப் போய்ப் பார்த்து, செருப்பு மாட்டிய பிறகும் இன்னொரு முறை போய்த் தொட்டுப் பார்க்கிற ரகம். பெண் பார்க்க வந்தவர் "எனக்கு எந்தக் கெட்ட பழக்கமும் இல்லீங்க" என்று சொன்ன ஒரே காரணத்துக்காக அவரை வேண்டாம் என்றவள். அவளைப் போய்ப் பாதுகாப்பு அலுவலராக நியமித்திருந்தது நிலமணி உலோகக் கழகம். வந்து நான்கு நாள்தான் ஆகிறது.

கழகம் சும்மா சொல்லக்கூடாது, பெரிய காரியம்தான் செய்திருந்தது. மலைக்கு இந்தப் பக்கம் நீரக உலை. இரும்புத்தாதுவிலிருந்து ஆக்சிஜனைப் பிரிக்க நிலக்கரி கிடையாது, நீரகம் என்கிற ஹைட்ரஜன் வாயு. உலைக்கு மேலே புகை வராது, இட்லிப் பானை மாதிரி வெறும் ஆவிதான் வரும். மலைக்கு அந்தப் பக்கம் சுரங்கம். அங்கே வேலை செய்கிற எல்லோருடைய தலையிலும் பாறைச்செவி என்ற தொப்பி. பாறைக்குள் மயிரிழை விரிசல் விடும் ஓசையைக் கூட அது கேட்டுவிடும் என்றார்கள். நெற்றியில் ஒரு விளக்கு. பச்சை என்றால் வேலை செய், மஞ்சள் என்றால் கவனி, சிவப்பு என்றால் ஓடு. ஒரு தொப்பி சிவந்தாலும் அந்தச் சுரங்க வழி முழுக்கச் சங்கு ஊதும்.

அதற்கு முந்தைய பத்து வருடங்களில் அந்த மலை நாற்பத்தொரு பேரை விழுங்கியிருந்தது. தொப்பி வந்த பிறகு ஒருவர்கூட இல்லை. இங்கிருந்து கப்பலேறும் ஒவ்வொரு இரும்புப் பாளத்திலும் 'புகையில்லை, இரத்தமில்லை' என்று முத்திரை குத்தியிருக்கும். சாமி படத்துக்குப் பக்கத்தில் அந்த முத்திரையின் படத்தை மாட்டியிருந்த வீடுகள்கூட ஊரில் உண்டு.

இன்பவல்லியின் தம்பி மாதேஷ், ஏழாம் வழியின் மேஸ்திரி. அவனுக்குக் கீழே இருபத்தாறு பேர். அன்று காலை அவன் இறங்கப் போகும்போது நுழைவாயிலில் அவனை மறித்தாள்.

"மேல்கூரைக்கு சிமெண்டுப் பூச்சு எப்படா போட்டீங்க, கடைசியா?"

"அதெல்லாம் நிறுத்தி ஆறு மாசம் ஆச்சுக்கா. கூரையில சிமெண்டு வெச்சு இறுக்குற முட்டுக் கம்பியும் கிடையாது. சிமெண்டு பண்றதுலதான் இப்ப கார்பன் அதிகமாம். கம்பெனியில மிச்சம் இருந்த கொஞ்சநஞ்சப் புகையும் அதுதானாம். தொப்பிதான் முன்கூட்டியே சொல்லிடுதே, அப்புறம் எதுக்கு முட்டு?"

"சரி, தட்டிப் பார்க்கிற கம்பி எங்கே?"

மாதேஷ் சிரித்துவிட்டான். பழைய ஆட்கள் இரும்புக் கம்பியால் கூரையைத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் காலடி எடுத்து வைப்பார்கள். 'டங்' என்றால் திடமான பாறை. 'டொப்' என்றால் உள்ளே பிளந்திருக்கிறது. "அதை எல்லாம் உலையில போட்டு உருக்கியாச்சுக்கா. உனக்கு வேற வேலையே இல்லியா? லைட்டைப் பாரு, பச்சை. வரட்டுமா?"

அவன் போய்விட்டான்.  இன்பவல்லி நேரே அலுவலகத்துக்குப் போய், தொப்பிகள் கொடுத்த எச்சரிக்கைகளின் பட்டியலைத் திறந்தாள். முதல் வருடம் இருநூற்றுப் பன்னிரண்டு. இரண்டாம் வருடம் முப்பத்தெட்டு. மூன்றாம் வருடத்தில் இன்றுவரை, ஒன்றுமே இல்லை.

மனுஷன் திருந்தலாம், பாறை எப்படித் திருந்தும்? அதுவும் முட்டுக் கொடுப்பதை நிறுத்திய பிறகு?

கிடங்கிலிருந்து, எந்த வழியோடும் இணைக்காத ஒரு தொப்பியை எடுத்தாள். மேசைமேல் ஒரு பாறைத் துண்டை வைத்து, அதன்மேல் தொப்பியைக் கவிழ்த்து, சம்மட்டியால் பாறையை ஓங்கி அடித்தாள். பாறை இரண்டாகப் பிளந்தது. பக்கத்து அறைக் கண்ணாடி அதிர்ந்தது. விளக்கு பச்சை. இன்னொரு பாறை, இன்னொரு அடி. பச்சை. அட கிரகமே, மயிரிழை விரிசல் கேட்கிற காதுக்குச் சம்மட்டி கேட்கவில்லையா?

மாதேஷ் இந்நேரம் ஏழாம் வழியின் கோடிக்குப் போயிருப்பான் என்று நினைத்துக்கொண்டே, தொப்பிக்குள் என்னதான் இருக்கிறது என்று பார்க்கத் தலையில் மாட்டினாள். நெற்றிப் பட்டை தோலில் ஒட்டியது. எதிரே பீரோக் கண்ணாடியில் விளக்கு மஞ்சளாகி, அடுத்த நொடியே சிவந்தது. தலைக்கு மேலே பாறை ஏது? தகரக் கூரைதான் இருந்தது. கழற்றினாள், பச்சை. மாட்டினாள், சிவப்பு.

சுரங்கத் தலைவர் அருளானந்தம்தான் பாறைச்செவியைக் கண்டுபிடித்தவர். தொப்பியைக் கொண்டுபோய் அவர் மேசைமேல் வைத்தாள்.

"சார், இது பாறையைக் கேக்கலை. தலையைக் கேக்குது."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதிர்ச்சியானவர் மாதிரித் தெரியவில்லை. என்றைக்காவது யாராவது வந்து கேட்பார்கள் என்று காத்திருந்தவர் மாதிரிதான் இருந்தது.

"உட்காருங்கம்மா. பாறைக்கு எத்தனையோ கருவி வெச்சுப் பார்த்தேன், ஒண்ணும் உருப்படலை. அப்பதான் ஒண்ணு கவனிச்சேன். இந்த ஊர்ச் சுரங்கத்துல 'பயமா இருக்கு'ன்னு யாரும் சொல்ல மாட்டாங்க. உள்ள அந்த வார்த்தையைச் சொன்னா ஆகாதுன்னு ஒரு வழக்கம். மனசுக்குச் சரியில்லைன்னா 'வாங்க, தண்ணி குடிச்சிட்டு வரலாம்'னு ஒருத்தர் சொல்வாரு. ஏன் எதுக்குன்னு யாரும் கேக்காம அத்தனை பேரும் வெளிய வந்துடுவாங்க. எழுதி வெச்சுப் பார்த்தேன். பத்துக்கு ஒன்பது தடவை பின்னாடியே கூரை விழுந்திருக்கு."

"அவங்க சந்தேகத்தை அளந்தீங்க."

"அவங்க வாயில வர்றதுக்கு முன்னாடியே அளந்தேன். நெத்தி வேர்வை, நாடித் துடிப்பு, மூளையில ஒரு சின்னப் படபடப்பு. உள்ளதைச் சொல்லியிருந்தா, தன் பயம் வெளிய தெரிஞ்சிடும்னு வீறாப்பா அடக்கிக்குவாங்க. அதனாலதான் பாறையைக் கேக்குதுன்னு சொன்னோம். மூணு வருஷமா யாராவது செத்தாங்களா?"

"தொப்பியை நம்ப ஆரம்பிச்சதும் அவங்க சந்தேகப்படறதை விட்டுட்டாங்களே, சார்! தட்டிப் பார்க்கிறதில்லை, காது கொடுக்கிறதில்லை. சந்தேகமே இல்லாத தலையில மாட்டினா அது பச்சைதானே காட்டும்? அவங்க தொப்பியைப் பார்த்துத் தைரியமா இருக்காங்க, தொப்பி அவங்களைப் பார்த்துத் தைரியமா இருக்கு. பாறையை யார் சார் பார்க்கிறது?"

அருளானந்தம் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார்.

"இதை நீங்க ஒரு தடவையாவது மாட்டியிருக்கீங்களா?"

 அவர் தொப்பியைத் தொடக்கூட இல்லை. இன்பவல்லிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுந்து கட்டுப்பாட்டு அறைக்கு ஓடி, ஏழாம் வழியின் ஒலிபெருக்கியைத் திறந்தாள்.

"மாதேஷ், எல்லாரையும் கூட்டிக்கிட்டு வா. தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்."

உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. "அக்கா, யார் சொல்லிக் கொடுத்தது உனக்கு இந்தப் பழைய வசனத்தை? லைட்டெல்லாம் பச்சையா இருக்கு. போய் நீ குடி."

"டேய், அந்தத் தொப்பிக்குப் பாறையைப் பத்தி ஒரு மண்ணும் தெரியாதுடா! உன் பயத்தைத்தான் அது அளக்குது. உனக்குப் பயமில்லைன்னா அதுக்கும் பயமில்லை. அவ்வளவுதான் அதோட சாமர்த்தியம். மேலே முட்டும் இல்லை, தட்டிப் பார்க்கக் கம்பியும் இல்லை. நிமிர்ந்து பாருடா!"

சிரிப்பு நின்றது. இருபத்தேழு பேரும் நிமிர்ந்து பார்த்திருக்க வேண்டும். எதிரே இருந்த விளக்குப் பலகையில் ஏழாம் வழியின் ஒரு பச்சைப் புள்ளி மஞ்சளானது. பக்கத்தில் இரண்டு. அப்புறம் மளமளவென்று எல்லாம் சிவந்து, இந்த ஒரு வருடத்தில் மறந்தே போயிருந்த சங்கு மலை முழுவதும் கேட்க ஊதியது.

இருபத்தேழு பேரும் வெளியே வந்து வெயிலில் உட்கார்ந்தார்கள். தண்ணீர் குடித்தார்கள். ஒரு மணி நேரம் ஆயிற்று, ஒன்றும் நடக்கவில்லை. கப்பலுக்குப் பாளம் குறையும் என்று கழகத்தின் பெரிய தலைகள் தொலைபேசியில் கத்தின. இரண்டாவது மணி நேரத்தில் "அக்கா, மானத்தை வாங்கிட்டியே" என்றான் மாதேஷ். மூன்றாவது மணி நேரம் தொடங்கியபோது காலுக்கடியில் தரை ஒருமுறை குலுங்கியது. ஏழாம் வழியின் வாயிலிருந்து செம்மண் புழுதி குபுகுபுவென்று வெளியே வந்தது. அவர்கள் நின்று வேலை செய்த இடத்தில் இப்போது இடமே இல்லை. மாதேஷ் ஓடிவந்து அக்காவைக் கட்டிக்கொண்டு கேவிக் கேவி அழுதான்.

மறுவாரம் கழகம் கூடியது. சிமெண்டுப் பூச்சும் முட்டும் தட்டுக் கம்பியும் வேண்டும் என்று இன்பவல்லி கேட்டாள். கம்பி உடனே வந்தது. பூச்சும் முட்டும் வந்தால் முத்திரையிலிருந்து 'புகையில்லை' போய்விடும் என்பதால் பரிசீலனையில் இருந்தன, இன்னும் இருக்கின்றன. அருளானந்தம் ஒரு யோசனை சொன்னார். கருவியில் பழுதில்லை, மாட்டிய தலைதான் சரியில்லை. இந்த வட்டாரத்திலேயே நம்பிக்கை என்பது மருந்துக்கும் இல்லாத தலை ஒன்று இருக்கிறதே, அதில் மாட்டினால் என்ன?

இன்பவல்லி முடியாது என்றுதான் சொன்னாள். "நீ உக்காந்தா நான் நிம்மதியா இறங்குவேன்க்கா" என்று தம்பி சொன்னதும் ஒத்துக்கொண்டாள். பதவியின் பெயர், தலைமை ஐயக்காரர். மாதேஷின் ஆட்கள் இப்போது இறங்கும் எட்டாம் வழியின் வாயிலில் ஒரு நாற்காலி, எதிரே வழியின் உட்புறத்தைக் காட்டும் திரை, தலையில் தொப்பி. அவளுடைய விளக்கு சிவந்தால் எட்டாம் வழிக்குச் சங்கு ஊதும்.

நன்றாகத்தான் நடந்தது. முதல் மாதம் ஒன்பது முறை சங்கு ஊதியது. இரண்டு முறை கூரை விழுந்தது. ஆள் சேதம் இல்லை. ஊரில் அவளுக்குத் தனி மரியாதை வந்தது. 'இன்பாக்கா வாசல்ல உக்காந்திருக்கு' என்றால் பிள்ளைத்தாய்ச்சிகூடக் கணவனைக் கவலையில்லாமல் அனுப்பினாள். மாதங்கள் போகப்போகச் சங்கு குறைந்தது.

ஆயிரத்து நானூற்றுப் பத்தொன்பதாவது நாள். மாதேஷும் ஆட்களும் அரட்டை அடித்துக்கொண்டே உள்ளே போனார்கள். எல்லோர் நெற்றியிலும் பச்சை. இன்பவல்லி தேநீரை உறிஞ்சினாள். இதமான காற்று வீசியது. மனசு லேசாக இருந்தது. தற்செயலாகச் சுவர்ப் பக்கம் பார்த்தாள். இருபத்தேழு தட்டுக் கம்பிகளும் துருப்பிடித்துச் சாய்ந்திருந்தன. ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நடுவில் சிலந்தி வலை.

"மாதேஷ், கம்பியை விட்டுட்டுப் போயிட்டியேடா?"

"அதான் நீ இருக்கியேக்கா!" என்று ஒலிபெருக்கியில் குரல் வந்தது.

அதுவும் சரிதானே என்று அவளுக்குத் தோன்றியது. அப்படித் தோன்றியதுதான் அவளை உலுக்கியது. இன்று காலை கேஸை மூடினோமா? நினைவில்லை. திரும்பிப் போய்ப் பார்த்தோமா? இல்லை. நேற்று? நேற்றும் இல்லை. எப்போதிருந்து இல்லை?

திரைக் கண்ணாடியில் தன் நெற்றியைப் பார்த்தாள். பச்சை. பயப்படு, பயப்படு என்று தனக்குள்ளேயே சொல்லிப் பார்த்தாள். முட்டில்லாத கூரையை நினைத்தாள்; ஏழாம் வழியின் புழுதியை நினைத்தாள். விளக்கு ஒரு நொடி மஞ்சளாகச் சிமிட்டிவிட்டுப் பச்சைக்கே திரும்பியது. நானூறு நாள் நிம்மதி அவள் தலைக்குள் அசையாமல் உட்கார்ந்திருந்தது.

ஒலிபெருக்கியை இழுத்தாள். "எல்லாரும் வாங்க. தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்."

"சங்கு ஊதலையே? உன் லைட்டு என்ன கலர்க்கா?"

இன்பவல்லி கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "சிவப்பு. சங்கு ரிப்பேர். சீக்கிரம் வா."

இருபத்தேழு பேரும் ஓடி வந்தார்கள். முதலில் வந்த மாதேஷ் மூச்சு வாங்க அவள் முன்னால் நின்றான். அவள் நெற்றியைப் பார்த்தான். தொப்பியைக் கழற்ற அவளுக்குத் தோன்றவே இல்லை. அங்கே பச்சை வெளிச்சம் எரிந்துகொண்டிருந்தது.

"என்கிட்டயே பொய் சொல்றியாக்கா?"

 அவளுக்குக் கண் நிறைந்தது. ஏழாம் வழி விழுந்த நாளிலிருந்து அவளை முழுசாக நம்பியவன் அவன். இப்போது அவன் பார்க்கிற பார்வை, அவள் மற்றவர்களைப் பார்க்கிற அதே பார்வை.

அவன் நெற்றியில் மஞ்சள் வந்தது. பின்னால் நின்றவர்களும் எட்டிப் பார்த்தார்கள். ஒவ்வொரு தொப்பியாக மஞ்சளானது. மாதேஷ் தண்ணீர் குடிக்கவில்லை. சுவரோரம் போய், சிலந்தி வலையைக் கையால் விலக்கி, தன் கம்பியை எடுத்துக்கொண்டு எட்டாம் வழியின் வாயில் நின்று, கூரையை ஓங்கித் தட்டிக் காது கொடுத்துக் கேட்டான்.