இடது மணிக்கட்டு

கட்டுத் துணியைப் பல்லால் கடித்து இழுத்தாள் டீச்சர். அது மறுபடியும் சுருண்டுகொண்டது. சமையலறை மேசையில் உட்கார்ந்து, தன் இடது மணிக்கட்டுக்கு ஒற்றைக் கையால் தானே கட்டுப் போட்டுக்கொள்வது இது மூன்றாவது முறை. முதல் கட்டு தளர்ந்துவிட்டது. இரண்டாவது இறுகி விரல் நுனி மரத்துப்போனது. எழுந்து ஜன்னல்வரை போனாள். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்தாள். திரும்பி வந்து உட்கார்ந்தாள். உட்கார்ந்ததுமே எழுந்திருக்க வேண்டும்போல் இருந்தது.

எதிரே மகன் நின்றிருந்தான். பிசியோதெரபிஸ்ட். ஊரில் எத்தனையோ பேருடைய முழங்காலையும் தோளையும் நேராக்கிய கைகளை இன்று மார்புக்குக் குறுக்கே கட்டிக்கொண்டிருந்தான்.

"நான் கட்டிவிட மாட்டேம்மா. கட்டிவிட்டா நானே உன்னை அனுப்பி வச்ச மாதிரி ஆயிடும்."

"நான் கேக்கலையேப்பா."

"நீ எதைத்தான் கேட்டே? கையை அசைக்காதேன்னு ரெண்டு வாரமா கத்தறேன். உள்ளே நார் கிழிஞ்சிருக்கு. அறுபத்தொரு வயசுல இது கூடுறதே கஷ்டம். இவளுக்கு இது ஏழாம் மாசம்... நாளைக்குப் பேரப்புள்ளையைத் தூக்கக் கை வேணுமேன்னு ஒரு நினைப்பு இருக்கா உனக்கு?"

டீச்சர் நிமிர்ந்து பார்க்கவில்லை. குளிர்பெட்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்த மருமகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"வெளியில யாராவது கேட்டா என்ன சொல்றது? எங்கம்மாவுக்குக் குடும்பத்தைவிடப் பந்துதான் பெரிசுன்னா?"

"நேரமாச்சு" என்றாள் டீச்சர். வாசலில் அவள் கணவர் காரைக் கிளப்பி, அணைத்து, மறுபடி கிளப்பிக்கொண்டிருந்தார். அவருக்கும் இருப்புக்கொள்ளவில்லை.

"போ. ஆனா திரும்பி வந்து கையைக் காட்டிக்கிட்டு என்கிட்ட நிக்காதே."

அந்த வார்த்தை கார்வரை அவள் பின்னாலேயே வந்தது.

கோல்ஃப் மைதானத்தின் பயிற்சித் திடலில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதால் அவளுக்கு டீச்சர் என்று பெயர். இருபத்தெட்டு வயதில் பெண்களுக்கான சாம்பியன் போட்டியில் இரண்டாவதாக வந்தவள். அடுத்த மாதமே மாமியார் படுக்கையில் விழுந்தார். ஒன்பது வருடம். அதன்பின் மகனின் படிப்பு, நில அளவையரான கணவருக்கு வருடாவருடம் இடமாற்றம். மட்டைகள் அடங்கிய பை பரண்மேல் ஏறியது. யாரும் ஏற்றச் சொல்லவில்லை. யாரும் இறக்கச் சொல்லவும் இல்லை. ஐம்பத்து மூன்றாவது வயதில் அவளே நாற்காலி போட்டு ஏறி இறக்கினாள். இன்று மூத்தோருக்கான பெண்கள் சாம்பியன் போட்டியின் மூன்றாம் நாள், கடைசி நாள். பதினெட்டுக் குழிகள். குறைந்த அடிகளில் முடிப்பவருக்குக் கோப்பை. முதலிடத்தில் இருப்பவளைவிட டீச்சர் ஒரே ஓர் அடி பின்னால் இருந்தாள்.

பந்துக்கு அடியில் இருந்த மரவேரில் மட்டை மாட்டி மணிக்கட்டு முறுக்கிக்கொண்டது என்றுதான் வீட்டில் சொல்லியிருந்தாள்.

நடந்தது வேறு. பதின்மூன்று நாட்களுக்கு முன் ஒரு பிற்பகல், துவைத்த துணிகளோடு அவள் மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தாள். மேலேயிருந்து மருமகள் இறங்கினாள். அழுது வீங்கிய முகம், கையில் பெட்டி. காலையில் கணவனோடு சண்டை. 'நீ வந்த நாள்லேருந்து இந்த வீட்ல நிம்மதியில்லை' என்று அவன் சொன்னது டீச்சர் காதிலும் விழுந்திருந்தது. என்ன ஏது என்று கேட்பதற்குள் மருமகளின் கால் படியைத் தவறவிட்டது. பெட்டி உருண்டு கீழே போனது. டீச்சர் துணியை வீசிவிட்டு இடது கையால் கைப்பிடிக் கம்பியைப் பற்றி, வலது கையால் அவளை அணைத்துப் பிடித்தாள். மூன்று உயிரின் பாரமும் அந்த ஒரு மணிக்கட்டில் தொங்கியது. உள்ளே ஏதோ பிய்வது அவளுக்கே கேட்டது.

"அவர்கிட்ட சொல்லிடாதீங்க அத்தை... நான் கிளம்பினது தெரிஞ்சா அவர் என்னை மன்னிக்கவே மாட்டார்."

"சொல்ல மாட்டேன். முதல்ல உக்காரு. வயித்துல அடிபட்டுச்சா?"

படவில்லை. டீச்சர் ஒற்றைக் கையால் பெட்டியைத் தூக்கிப்போய், புடவைகளை மடித்துத் திரும்ப அலமாரியில் வைத்தாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

முதல் ஒன்பது குழிகளும் அவளைப் பிழிந்து எடுத்தன. ஒவ்வொரு வீச்சிலும் முழங்கைவரை நெருப்பு ஓடியது. பையைத் தூக்கிக்கொண்டு கூடவே நடந்த கணவர், எல்லோருக்கும் சர்வேயர், பந்து கிடக்கும் இடத்திலிருந்து குழிவரை காலடியால் அளந்து சொன்னார். நாற்பது வருடம் நிலம் அளந்த கால்கள். அவை தப்பு சொல்வதில்லை. ஆனால் கை அந்தத் தூரத்துக்குப் போக மறுத்தது. ஒன்பதாவது குழி முடிந்தபோது அவள் மூன்று அடி பின்னால் இருந்தாள். கறுப்புக் கண்ணாடி போட்ட அந்த உயரமான பெண்தான் முதலிடத்தில். அலட்டிக்கொள்ளாமல் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

"போதும்னு தோணினா சொல்லு. பையை வண்டியில வச்சிடறேன்" என்றார் சர்வேயர்.

பதில் சொல்லத் திரும்பியவள் அப்படியே நின்றாள். புல்வெளியின் ஓரப் பாதையில் மகனும் மருமகளும் வந்துகொண்டிருந்தார்கள். அவன் வேகமாக நான்கு எட்டு வைப்பான், பின்னால் வரும் மனைவிக்காக நிற்பான், மறுபடி நடப்பான்.

"சொல்லிட்டேன் அத்தை" என்றாள் மருமகள், மூச்சு வாங்க. "பிரசவத்துக்கு அம்மாவை நம்பாதேன்னார். உங்களை நம்பாதேன்னு என்கிட்டயே சொல்றார்... அதுக்குமேல என்னால வாயை மூடிட்டு இருக்க முடியல."

மகன் புல்லில் முழங்காலிட்டு, அம்மாவின் இடது கையைத் தன் தொடைமேல் வைத்து, கோணலாகக் கட்டியிருந்த துணியைப் பிரித்தான்.

"எந்தப் பக்கமா இழுத்துச்சு?" என்று கேட்டான்.

"கம்பி மேல இருந்துச்சு. நான் கீழே."

"நீ வேர்ல மாட்டினதுன்னு சொன்னே. நான் இத்தனை நாளா வேற இடத்துக்கு வைத்தியம் பாத்திருக்கேன்மா." அவன் கட்டைவிரல் மெல்லத் தேடி ஓர் இடத்தில் நின்றது. அவள் உதட்டைக் கடித்தாள். அந்த இடத்தைச் சுற்றி அவன் புதிதாகக் கட்டினான். கட்டும்போது ஒரு துளி அவள் உள்ளங்கையில் விழுந்தது. "காலையில நான் பேசினதெல்லாம்..."

"அதை விடு. நீ மன்னிப்புக் கேக்க வேண்டிய ஆள் அங்க நிக்குது. பெட்டியை எடுக்கற அளவுக்கு அவளை யார் பேசினது?"

அவன் மனைவியைப் பார்த்தான். பார்க்க முடியாமல் பார்வையைத் தாழ்த்தினான். "தப்புதான்மா. வர்ற வழியில பாதி சொன்னேன். மீதியையும் சொல்றேன்." பிறகு, "போதும், வீட்டுக்குப் போலாம். நீ யாருக்கும் எதையும் காட்ட வேண்டியதில்லை" என்றான்.

டீச்சர் எழுந்தாள். கையை மடக்கி நீட்டிப் பார்த்தாள்.

"இப்போ நான் பாதியில போனா, அத்தை கை என்னாலதான் போச்சு, விளையாட்டும் என்னாலதான் போச்சுன்னு இவ ஆயுசு பூரா நெனைப்பா. அப்படியொரு பாரத்தை இவ தலையில வச்சிட்டு நான் போக மாட்டேன்." கொஞ்சம் தயங்கினாள். "அதுவும் இல்லாம... எனக்கு ஜெயிக்கணும்டா. அதையும் மறைக்க மாட்டேன்."

சர்வேயர் பையைத் தோளில் ஏற்றிக்கொண்டார். "நீளமா அடிக்க வேண்டாம். ரெண்டுல போறதை மூணுல போவோம். நான் அளந்து சொல்றேன்."

அப்படியே ஆடினாள். சின்னச் சின்ன அடிகள். பந்து போகச் சொன்ன இடத்துக்குப் போனது; குழிக்குப் பக்கத்தில் வீணாகும் அடிகள் மிச்சமாயின. பதின்மூன்றாவது குழியில் மூன்று அடி வித்தியாசம் ஒன்றாகக் குறைந்திருந்தது. பதினாலாவதில் குறுக்கே ஒரு குளம். சுற்றிப் போகலாம் என்றார் சர்வேயர். அவள் கேட்கவில்லை. முப்பத்து மூன்று வருடத்தின் அவசரம் அந்த ஒரு வீச்சில் வந்துவிட்டது. பந்து குளத்தின் நடுவில் விழுந்தது. இரண்டு அடி நஷ்டம். சர்வேயர் பையிலிருந்து வேறு பந்தை எடுத்து நீட்டினார்.

கறுப்புக் கண்ணாடிக்கும் களைப்பு வந்தது. அடுத்த மூன்று குழிகளில் அவள் இரண்டு அடியை இழந்தாள். கடைசிக் குழிக்கு வரும்போது ஒரே அடி வித்தியாசம். குழியிலிருந்து பன்னிரண்டு காலடி தூரத்தில் டீச்சரின் பந்து. உயரமான பெண்ணின் பந்து அதைவிடக் கிட்டத்தில்; இந்தக் குழியில் இருவரும் அடித்தது ஒரே எண்ணிக்கை. டீச்சர் குனிந்து பார்த்தாள், நடந்து போய் மறுபக்கமிருந்து பார்த்தாள், திரும்பி வந்தாள். தட்டினாள். பந்து மெதுவாக வளைந்து, விளிம்பில் யோசித்து, விழுந்தது. சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். அது அடங்கக் காத்திருந்து உயரமான பெண்ணும் தன் பந்தைத் தட்டினாள். அதுவும் விழுந்தது.

ஓர் அடியில் கோப்பை போனது.

உயரமான பெண் கண்ணாடியைக் கழற்றிவிட்டு வந்து, டீச்சரின் வலது கையைப் பிடித்துக் குலுக்கினாள். "அந்தக் கையோடவா ஆடினீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

பார்வையாளர்களுக்காகக் கட்டியிருந்த கயிற்றுக்கு அந்தப் பக்கம் மருமகள் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். "என்னாலதான் அத்தை... கை நல்லா இருந்திருந்தா இன்னைக்கு நீங்கதான்..."

டீச்சர் கயிற்றைத் தாண்டிப் போனாள். இத்தனை நேரம் எங்கேயும் நிற்க முடியாமல் அலைந்துகொண்டிருந்த உடம்பு இப்போது நின்றது.

"இங்க பாரு. பதினாலாவதுல மாமா பேச்சைக் கேக்காம குளத்துமேல அடிச்சேனே, அது கை பண்ணின தப்பு இல்ல. என் தப்பு. என் பேராசை. ஒரு தப்பு நானே சொந்தமா பண்ணியிருக்கேன், அதையும் நீ உன்னோடதுன்னு எடுத்துக்காதே."

மருமகள் அழுகைக்கு நடுவில் சிரித்துவிட்டாள். சிரிப்பு மறுபடி அழுகையானது. டீச்சர் வலது கையால் அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள். மகன் கிட்டே வந்து, எங்கே தொடுவது என்று தெரியாதவன்போல் நின்று, கடைசியில் இரண்டு பேரையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டான்.

ஒலிபெருக்கியில் இரண்டாம் இடத்துக்கு அவளை அழைத்தார்கள். யாரும் கையை எடுக்கவில்லை. சர்வேயர் தொண்டையைச் செருமினார். "உன்னைத்தான் கூப்பிடறாங்க."

"கூப்பிடட்டும்" என்றாள் டீச்சர். "இன்னொரு தடவை கூப்பிடுவாங்க."