வெடித்த வலது குழல்

அமோஸ் ஹார்க்கர் கதவைத் தட்டவில்லை, உதைத்தார்.

"திறந்துதான்யா கிடக்கு. உடைச்சிடாதே," என்றார் உள்ளே இருந்த மேத்யூ ஆல்டர்சன். சுரங்க விபத்துகளை முப்பது வருடம் விசாரித்து ஓய்வு பெற்றவர். அரசாங்கச் சம்பளம் வாங்கிய எவனையும் அமோஸ் நம்புவதில்லை. ஆனாலும் இந்த யார்க்ஷயர் பள்ளத்தாக்கில் அவருக்குப் போக வேறு இடம் இல்லை.

"என்னைக் கொலைகாரன்ங்கிறான் அந்த மில் முதலாளி கார்ஸ்வெல்."

"யாரு செத்தா?"

"யாரும் சாகலே. நெட் கோட்ஸுக்கு இடது கையில ரெண்டு விரல் போச்சு. அவன் அந்தாளோட வேட்டைக்காவல்காரன், எனக்கு நாப்பது வருஷப் பழக்கம். இப்ப அவன் பொண்டாட்டி என் மூஞ்சிலேயே கதவைச் சாத்துறா!"

முட்டை வண்டி ஓட்டும் ஹில்டா தேநீர்க் கோப்பையோடு முன்னால் வந்து நின்றாள். ஆல்டர்சனுக்குக் கார் ஓட்டுவதும், கேட்காமலே துப்புச் சேகரிப்பதும் அவளுடைய உபதொழில்கள். "அண்ணே, முதல்ல உக்காருங்க. ஆதியிலேர்ந்து சொல்லுங்க."

அமோஸ் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார். எண்பது வருடத்துக்கு முந்தைய இரட்டைக்குழல் துப்பாக்கி அது. கார்ஸ்வெல் அந்த மாதிரிப் பழைய துப்பாக்கிகளைச் சேகரிப்பவர். நசுங்கிய குழல்களை அமோஸ் உள்ளிருந்து தூக்கிச் சரிசெய்தார், வெளியே நிறம் ஏற்றினார், விரிசல் விட்ட கட்டையைச் சேர்த்தார், அரசுச் சோதனைச்சாலையில் சுட்டுப் பார்த்து முத்திரையும் வாங்கிக் கொடுத்தார். போன சனிக்கிழமை மேட்டுக்காட்டில் காட்டுக்கோழி வேட்டை. கடைசியில் கார்ஸ்வெல், "நீயும் ஒண்ணு சுடுப்பா," என்று துப்பாக்கியை நெட்டிடம் நீட்டினார். நெட் விசையை இழுத்ததும் வலது குழல் வெடித்துப் பிளந்தது.

"பளபளப்புக்காக நான் உள்ளே தேய்ச்சுத் தேய்ச்சுக் குழலை மெலிசாக்கிட்டேனாம். வெள்ளிக்கிழமை துப்பாக்கி பழுது பாக்குற என் தொழில் பதிவைப் பிடுங்கப்போறாங்க. பதிவு போனா நான் ஒரு ஸ்க்ரூவைக்கூடத் தொட முடியாது."

கார்ஸ்வெல் போலீசுக்கு எழுதிய புகாரின் நகலை ஆல்டர்சன் நிதானமாகப் படித்தார். ஒரு வரியில் அவர் விரல் நின்றது. "'அதற்குச் சற்று முன்பே வலது விசையை இழுத்தபோது வெறும் டிக் சத்தம்தான் வந்தது, வெடிக்கவில்லை. விசையோடு சேர்ந்த சுடும் பூட்டு வேலையும் மோசம் என்பதற்கு இதுவே சாட்சி.' இது உண்மையா அமோஸ்?"

"என் பூட்டா? டிக்கா? அவன் மண்டைதான் டிக்கு!"

"கத்தாதே. இந்த வரி எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு."

பாதிக்கப்பட்டவனிடம் பிடித்திருக்கிறது என்று சொல்கிற ஆளை எப்படி நம்புவது? அமோஸ் தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பப் பார்த்தார். ஹில்டா அதற்குள் காரைக் கிளப்பிவிட்டாள்.

காவல் நிலையத்தில் சார்ஜென்ட் மெட்காஃப் துப்பாக்கியை மேசையில் வைத்தார். தன் கையால் உயிர் கொடுத்த பொருள் வாழைப்பழத் தோல்போல் உரிந்து கிடப்பதைப் பார்த்து அமோஸ் தொப்பியைக் கழற்றினார். பின்முனையிலிருந்து நாலு அங்குலத்துக்குச் சற்று அப்பால், இடது கை பிடிக்கிற இடத்தில் பிளவு. ஆல்டர்சன் குழல்களுக்குள் வெள்ளைத் துணியை விட்டு இழுத்தார். இடது குழலில் துணி கரியாக வந்தது. வலது குழலில் எண்ணெய் மட்டும்.

"நீங்க துடைச்சீங்களா சார்ஜென்ட்?"

"வந்தது வந்தபடி இருக்கு. நாங்க தொடலே."

"செத்த குழலுக்கு எண்ணெய் போட்டுத் துடைச்சிருக்கான், நல்ல குழலை அழுக்கா விட்டிருக்கான்," என்று உறுமினார் அமோஸ். "எந்த வேட்டைக்காரனும் ரெண்டையும் துடைப்பான், இல்லே ரெண்டையும் விடுவான்."

"அதைத்தான் நானும் நினைச்சேன்," என்றார் ஆல்டர்சன்.

ஹில்டா இரண்டு டஜன் முட்டையோடு நெட் வீட்டுக்குப் போய் ஒரு மணி நேரத்தில் திரும்பினாள். கண்கள் மின்னின.

"அந்த டிக் சத்தம் நிஜந்தானாம். நெட் பக்கத்துல நின்னிருக்கார். முதலாளி துப்பாக்கியைத் திறந்து பாத்தாராம், வலது குழல்ல தோட்டா அறை காலி. 'பேச்சு மும்முரத்துல போட மறந்துட்டேன்'னு சிரிச்சுக்கிட்டே பையிலேர்ந்து இன்னொண்ணை எடுத்துப் போட்டு, அப்படியே நெட் கையில குடுத்திருக்கார்."

"அன்னிக்கு வேற யாரு சுட்டாங்க?"

"மக ஃபிலிப்பா. சின்னத் துப்பாக்கி, இருபது நம்பர்."

அமோஸ் சட்டென்று நிமிர்ந்தார். பிறகு தன் தொடையில் ஓங்கி அறைந்தார். "அடப் பாவி!"

"இப்ப மூச்சு விடாதே," என்றார் ஆல்டர்சன். "அவர் வீட்டுல பேசிக்கலாம்."

கார்ஸ்வெல்லின் துப்பாக்கி அறையில் கண்ணாடி அலமாரிகள் வரிசையாக நின்றன. சார்ஜென்ட் வெடித்த துப்பாக்கியோடு வந்திருந்தார். ஃபிலிப்பா சன்னலோரம் நின்றாள்.

"இந்த ஆளை எதுக்குய்யா என் வீட்டுக்குள்ள கூட்டிட்டு வந்தே?" என்றார் கார்ஸ்வெல்.

"நீ வாசல்ல நிக்கவச்சே பழகினவன்," என்றார் அமோஸ்.

ஆல்டர்சன் சட்டைப்பையிலிருந்து மஞ்சள் தோட்டா ஒன்றை எடுத்தார். "துப்பாக்கிக்கு நம்பர் கூடக்கூடக் குழல் சிறுக்கும். இது இருபது. ஐயாவோடது பன்னிரண்டு. மாறிடக் கூடாதுன்னுதான் இதுக்கு மஞ்சள் நிறம். ரெண்டையும் ஒரே பையில போடவே கூடாதுங்கிறது வேட்டையில முதல் பாடம்." அமோஸின் பட்டறையிலிருந்து கொண்டுவந்த பழைய பன்னிரண்டு நம்பர் குழலில் அதை விட்டார். தோட்டா வழுக்கி உள்ளே போய், குழல் குறுகும் இடத்தில் சிக்கி நின்றது. "பாருங்க சார்ஜென்ட். அறை காலியாத் தெரியுது. விசையை இழுத்தா ஊசி வெறும் காத்தைக் குத்தும். டிக். பூட்டுல கோளாறு இருந்தா, வெடிக்காத தோட்டா அறையிலேயே இருந்திருக்கணும். திறந்தப்போ ஒண்ணுமே இல்லேன்னு நெட் சொல்றார். அப்போ போட்ட தோட்டா எங்கே போச்சு?"

சார்ஜென்ட் குனிந்து குழலுக்குள் பார்த்தார்.

"அடுத்து பெரிய தோட்டாவைப் பின்னால போட்டாச்சு. அது வெடிச்சு, முன்னால அடைச்சுக்கிட்டிருந்த சின்னதுல மோதினா, குழல் எங்கே பிளக்கும்?" அளவுகோலை வைத்தார். "சின்னத் தோட்டா நிக்கிற இடம் இது. இதே அளவுலதான் அந்தக் குழலும் பிளந்திருக்கு."

"கற்பனை!" என்றார் கார்ஸ்வெல். "மஞ்சள் துண்டு ஒண்ணாவது கிடைச்சுதா?"

"கிடைக்கக் கூடாதுன்னுதானே துடைச்சீங்க? அந்த ஒரு குழலை மட்டும்."

"அப்பா," என்றாள் ஃபிலிப்பா. "மதியச் சாப்பாட்டுக்கப்புறம் என் பை வார் அறுந்துது. என் தோட்டாவை உங்க பையிலதான் போட்டேன். நீங்கதான் போடச் சொன்னீங்க."

கார்ஸ்வெல் நாற்காலியில் அமர்ந்தார். "கை தவறுறது யாருக்கும் நடக்கும்," என்றார். "வெளியே தெரிஞ்சா என்னை ஒருத்தனும் வேட்டைக்குக் கூப்பிட மாட்டான்."

"கை தவறினதுக்கு உன்னை நான் ஒண்ணும் சொல்லலே!" அமோஸின் குரலில் கண்ணாடி அலமாரி அதிர்ந்தது. "அவன் ரத்தம் காயறதுக்குள்ள எண்ணெய்த் துணியைத் தேடினியே, அதைக் கேக்குறேன். உன்னை நாலு பேரு வேட்டைக்குக் கூப்பிடணும்னு என் பேரை நாறடிச்சியே! சார்ஜென்ட்டுக்கு நீ அப்புறம் எழுதிக்குடு. இப்ப எந்திரி. நெட் வீட்டுக்கு நட. அவன் மூஞ்சியைப் பாத்து உன் வாயால சொல்லு."

"கார் எடுக்கச் சொல்றேன்..."

"நட."

ஒன்றரை மைல் நடந்தார்கள். பின்னால் ஹில்டாவின் வண்டி நத்தைபோல் ஊர்ந்தது. கதவைத் திறந்த நெட்டின் மனைவி ஏடா, அமோஸைப் பார்த்துச் சாத்தப்போனாள். முதலாளியின் சேற்றுப் பூட்ஸைப் பார்த்ததும் கை நின்றது. கார்ஸ்வெல் சொன்னார். முதல் முறை முணுமுணுத்தார். "கேக்கலே," என்றாள் ஏடா. இரண்டாம் முறை முழுதாகச் சொன்னார்.

நெட் கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு அமோஸையே பார்த்தார்.

"கதவைச் சாத்தினா போயிடுவியா? ஜன்னல் இல்லையா இந்த வீட்டுல?"

"நீயும் நம்பிட்டியே, கழுதை."

"நம்பிட்டேன்." நெட் தலையைக் குனிந்துகொண்டார். "அமோஸ், இனிமே குழலைத் தாங்கிப் பிடிக்க முடியுமா என்னால?"

அமோஸ் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நெட்டின் இடது உள்ளங்கையைத் தன் கையில் ஏந்தி, மிச்சமிருந்த விரல்களின் அகலத்தைக் கட்டைவிரலால் அளந்தார்.

"குழலுக்கு அடியில இந்தக் கை பிடிக்கிற முன்கட்டையை உனக்கு அகலமாச் செதுக்கணும்," என்றார். "கட்டுப் பிரிச்சதும் பட்டறைக்கு வா."