தளபதியின் கடைக்கண்

தளபதியின் கருமணி இடம் மாறியிருந்தது.

பாத்திரம் கழுவிய கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே மேசைக்கு வந்த பெரியவளுக்கு முதலில் அது பிடிபடவில்லை. சுண்டுவிரலில் பாதி உயரம்தான் இருப்பான், சின்னவள் வண்ணம் பூசிய அந்தப் பொம்மைச் சாமுராய். பெயிண்ட் அடிக்கும்போது பிடித்துக்கொள்ள வசதியாக ஒரு பாட்டில் மூடியின் மேல் பசை போட்டு நிறுத்தப்பட்டிருந்தான். நேற்றுவரை அவன் இடது கடைக்கண்ணால் சின்னவளுடைய நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதைப் பார்க்கப் பொறுக்காமல் காலையில் பெரியவள்தான் அவனைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தாள். இப்போது மூடியோடு தூக்கி, விளக்கோடு சேர்ந்திருந்த பூதக்கண்ணாடிக்குக் கீழே பிடித்தபோது, கருமணிகள் இரண்டும் வலது ஓரத்தில் இருந்தன. சுவரைப் பார்த்து நின்றபடியே அவன் அதே நாற்காலியைத்தான் பார்த்திருக்கிறான்.

நமக்குத்தான் இடது வலது குழம்பிவிட்டது என்று சொல்லிக்கொண்டாள். இரண்டு நாளாகச் சரியான தூக்கம் இல்லை.

அண்ணன் தம்பி இருவரை ஆளுக்கொருவராகக் கட்டிக்கொண்டு ஒரே வீட்டுக்கு வந்தவர்கள் அவர்கள். பெரியவள் வந்து ஒன்பது வருடம், சின்னவள் வந்து இரண்டு வருடம். மேசைமேல் காடும் மலையும் பரப்பி, குட்டிப் படைகளை நகர்த்திப் போர் விளையாடுகிறவர்களுக்கென்றே கடைத்தெருவில் ஒரு கடை இருந்தது. அந்தக் கடைக்குப் பெரியவள் சாமுராய்களுக்கு வண்ணம் பூசிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். வருடாவருடம் அந்த விளையாட்டுப் போட்டி தொடங்கும் முன் கடைக்காரர் ஒரே ஒரு தளபதியைத் தேர்ந்தெடுத்து வாசல் கண்ணாடிப் பெட்டியில் வைப்பார். ஐந்து வருடமாக அதில் நின்றது பெரியவளுடைய தளபதி. வீட்டில் சமைத்தது, துவைத்தது, பிள்ளை பெற்றது எதையும் யாரும் கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பார்க்கவில்லை. அந்தப் பெட்டிக்கு முன்னால் முன்பின் தெரியாதவர்கள் நின்று குனிந்து பார்ப்பதை, எதிர்ப்பக்க நடைபாதையிலிருந்து அவள் எத்தனையோ முறை ஒளிந்து பார்த்திருக்கிறாள்.

சின்னவளுக்கு யாரும் எதையும் கற்றுக்கொடுக்கவில்லை. காய் நறுக்கிக்கொண்டு எதிரே உட்கார்ந்து பார்த்தாள், அவ்வளவுதான். பெரியவளின் கையைக்கூட இல்லை, முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஒருநாள் தானே ஒரு பிரஷ் வாங்கி வந்து உட்கார்ந்தாள். பிரஷை உதட்டில் வைத்து, நாக்கு நுனியால் முடியைக் கூராக்கிக்கொள்ளும் அந்தப் பழக்கம் பெரியவளுக்கு அருவருப்பாக இருந்தது. நாக்கு பச்சையாகிவிடப் போகிறது என்று குத்தலாகச் சொன்னதற்கு, “ருசி பாக்காம யாராவது சமைப்பாங்களா அக்கா?” என்று சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கு மாமனார் முதல் பால்காரர் வரை எல்லோரும் மயங்கினார்கள்.

போன வாரம் கடைக்காரர் வந்து இருவருடைய தளபதிகளையும் பார்த்தார். பெரியவளுடையவனின் கவசத்தில் ஒவ்வொரு கயிற்றுப் பின்னலும் தனித்தனியாகத் தெரிந்தது. பிறை வைத்த தலைக்கவசத்தில் ஒரு தூசி இல்லை. கண்கள் நூல் பிடித்தாற்போல் நேரே பார்த்தன. “உங்களது ரொம்ப சுத்தமா இருக்கு மேடம்” என்றார். சுத்தம். தட்டைக் கழுவினாலும் அதே வார்த்தைதான். சின்னவளுடையவன் பக்கம் திரும்பினார். ஐந்து நிமிடம் நின்றார். பிறகு அந்தப் பொம்மையின் பார்வைக்கு வழிவிடுகிறவர்போல ஓர் அடி விலகிக்கொண்டார். அதைப் பார்த்ததும் பெரியவளுக்கு அடிவயிற்றில் தீ வைத்தாற்போல் இருந்தது.

சின்னவளுடையவனுக்குக் கவசம் சுமார், கால்கள் அவசரம். பார்வை மட்டும்தான் எல்லாமே. எதிரியை நேருக்கு நேர் பார்க்காமல் ஓரக்கண்ணால் பார்க்கிற பார்வை. வாயில் சிரிப்பை ஒட்டவைத்துக்கொண்டு, பக்கத்தில் இருப்பவன் எப்போது தடுக்கி விழுவான் என்று காத்திருக்கிற பார்வை. இன்று காலைப் பலகாரத்தின்போது பெரியவளின் கணவன்கூட அதைக் கையில் எடுத்து உருட்டி உருட்டிப் பார்த்தான். “இந்தப் பார்வைய எங்கியோ பாத்திருக்கேனே” என்றான். பிறகு ஏனோ பெரியவளைப் பார்த்துவிட்டுச் சட்டென்று தட்டுக்குக் குனிந்தான்.

ஐந்து மணிக்குக் கடைக்காரர் வந்து இரண்டில் ஒன்றை எடுத்துக்கொண்டு போவார்.

இப்போது மணி மூன்றே முக்கால். வெளியே மழை பிடித்திருந்தது. பகல் வெளிச்சம் அழுக்குத் தண்ணீர் நிறத்தில் ஜன்னலில் நின்றது. பள்ளிப் பேருந்திலிருந்து பெரியவளின் மகளைக் கூட்டிவர, குடையோடு சின்னவள் கிளம்பிப் போயிருந்தாள். மாமனார் மாடியில் தூங்கினார். வீட்டில் குளிர்பெட்டியின் முனகலும், விளக்குக் குழலின் மெல்லிய ரீங்காரமும், மழையும் தவிர வேறு சத்தமில்லை.

கண்ணை மட்டும், என்று நினைத்தாள். வேறெதையும் தொட வேண்டாம்.

சரியாக வராத பொம்மைகளைப் போட்டுப் பெயிண்டை உரித்தெடுக்க மேசைக்கடியில் ஒரு ஜாடி இருந்தது. மூடியைத் திறந்ததும் தைல வாடை குப்பென்று ஏறியது. ஒரு முறை அமைந்த கண் மறு முறை அதே மாதிரி அமையாது என்பது இந்த வேலை செய்கிற எல்லோருக்கும் தெரியும். மூச்சைப் பிடித்து ஒரே தொடுதலில் வைக்கிற புள்ளி அது. கீழே விழுந்துவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம். சின்னவள் பதறி உட்கார்ந்து மறுபடி போடுவாள், கை நடுங்கும், முழி பிதுங்கினாற்போல் வரும். அந்த முழியை நினைத்தபோதே பெரியவளுக்கு உள்ளே இனித்தது.

மூன்று முடிப் பிரஷை ஜாடியில் நனைத்தாள். கண்ணாடிக்குக் கீழே தளபதியின் முகம் அவள் உள்ளங்கை அளவுக்குப் பெரிதாகித் தெரிந்தது. இடது கண்ணைத் தொட்டாள். வெள்ளை கலங்கியது. கருமணி மிதந்தது. துடைத்தாள். வலது கண்ணையும் துடைத்தாள். காகிதத்தில் பிரஷை ஒற்றிவிட்டு மறுபடி குனிந்தாள்.

இரண்டு கண்களும் அப்படியே இருந்தன. ஆனால் நாற்காலியைப் பார்க்கவில்லை.

அவளைப் பார்த்தன.

மறுபடி துடைத்தாள். அழுத்தி. நெற்றிப் பெயிண்ட் வழண்டது, கன்னம் வழண்டது, உள்ளிருந்த சாம்பல்நிற அடிப்பூச்சு தெரிந்தது. கண்கள் மட்டும் போகவில்லை. யாரோ எதிரே உட்கார்ந்து தன்னை அளவெடுப்பதுபோல் பிடரி கூசியது. நிமிர்ந்தாள். எதிர் நாற்காலி காலியாக இருந்தது. மூடியிலிருந்து அவனைப் பிய்த்தெடுத்து ஜாடிக்குள் போட்டு மூடினாள்.

பெயிண்ட் புகைபோலப் பிரிந்தது. முதலில் கவசத்துச் சிவப்பு. பிறகு தோலின் நிறம், மெல்லிய ஏடாக, மேலே மேலே.

முகம் குளிர்ந்தது.

மழைக்காற்று என்று நினைத்தாள். ஆனால் ஜன்னல் சாத்தியிருந்தது. புருவத்தில் தொடங்கிய குளிர்ச்சி மூக்கின் இரு பக்கமும் இறங்கியது, ஈரத்துணியால் யாரோ நிதானமாகத் துடைப்பதுபோல. தைல வாடை இப்போது மேசையிலிருந்து வரவில்லை, தலைக்குள்ளிருந்து வந்தது. கன்னம் அரித்தது. தேய்த்தாள். விரலைப் பார்த்தாள்.

நுனியில் ஒரு தீற்றல். தோலின் நிறம். அவள் தோலின் நிறம்.

காகிதத்தில் துடைத்தாள். மறுபடி தேய்த்தாள். இன்னும் வந்தது. அறை மங்கியது, மெழுகுக் காகிதத்தின் வழியாகப் பார்ப்பதுபோல். கண்ணை இமைத்துப் பார்க்கலாம் என்றால் இமைக்க முடியவில்லை. இமைக்க ஏதோ ஒன்று வேண்டியிருந்தது. அது இல்லை.

வாசற்கதவு திறந்தது. குடையை உதறும் சத்தம். நனைந்த காலணிகள் ஓடி வந்தன.

மகள் அவளுக்கு நேர் எதிரே வந்து நின்றாள். புத்தகப்பை முதுகில். முகத்தை உற்றுப் பார்த்தாள். தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

“சித்தி,” என்று திரும்பிக் கேட்டாள், “அம்மா எங்க?”

பெரியவள் கூப்பிடப் பார்த்தாள். வாய் இருந்த இடத்தில் சத்தம் முட்டி நின்றது.

சின்னவள் முதலில் ஜாடியைப் பார்த்தாள். அடியில் வெறும் சாம்பல்நிறமாக ஒருவன் கிடந்தான். பிறகு பெரியவளைப் பார்த்தாள். கோபப்படவில்லை. “அம்மா வந்துடுவாங்கடா கண்ணு. நீ போய் ஈரச் சட்டைய மாத்து” என்று குழந்தையை அனுப்பினாள். கையைத் துடைத்துக்கொண்டாள். தன் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் போட்டாள்.

“என்னக்கா இப்படிப் பண்ணிட்டீங்க,” என்றாள். குரலில் உண்மையாகவே வருத்தம் இருந்தது. “உங்களப் பாத்துத்தான போட்டேன். ரெண்டு வருஷமா எதிர்ல உக்காந்து பாத்தாத்தான அந்தப் பார்வை கைக்கு வந்துச்சு.”

விளக்கை இழுத்துத் திருப்பினாள். வெளிச்சம் முகமெங்கும் சுட்டது. முகவாய்க்குக் கீழே இரண்டு விரல் கொடுத்து, பாட்டில் மூடியைப் பிடிக்கிற அதே பிடியில், பெரியவளின் தலையை நிமிர்த்தினாள். எழுந்து ஓட நினைத்தாள் பெரியவள். கால்கள் தரையில் ஒட்டியிருந்தன.

“அசையாதீங்க. கடைக்காரர் வர்றதுக்கு இன்னும் நேரம் இருக்கு. ரெண்டு புள்ளிதான.”

பிரஷைக் கறுப்பில் தோய்த்தாள். உதட்டில் வைத்தாள். நாக்கு நுனியில் மெல்ல உருட்டிக் கூராக்கினாள். பூதக்கண்ணாடிக்கு அப்பால் அந்த முகம் வீட்டளவு பெரிதாக வந்து குனிந்தது, ஒவ்வொரு மயிர்க்காலும் தெரிய, மூச்சைப் பிடித்துக்கொண்டு.

அந்தக் கை கொஞ்சம்கூட நடுங்கவில்லை. ஒன்பது வருடத்தில் ஒருநாள்கூடப் பெரியவளின் கை இப்படி நின்றதில்லை. அப்போதும், அந்த நிலையிலும், அவள் வயிறு எரிந்தது.

“எந்தப் பக்கம் பாக்கணும்னு இப்பவே சொல்லிடுங்கக்கா,” என்றாள் சின்னவள். வாய் இருந்த இடத்தை ஒருமுறை பார்த்தாள். “சரி. பழைய மாதிரியே போட்டுடறேன்.”

மூன்று முடிகளின் நுனியில் திரண்டு நின்ற கறுப்புத் துளி, மூட முடியாத அந்த இடத்தை நோக்கி, நிதானமாக, பெரிதாகிக்கொண்டே வந்தது.