பதினெட்டு வாட் வெளிச்சம்

ரிவர்ஸ் கியரைப் போட்டதும் கேமராத் திரையில் கரிசல் மண் வெள்ளியாய் மினுங்கியது. நல்லசிவம் உதட்டைப் பிதுக்கினார். திருத்தங்கல் மெக்கானிக் அய்யப்பன் லைட் மாட்டிய லட்சணம், கண் கூசுகிறது! காரோடு வந்த பின்விளக்கு இதைவிடக் கேவலம்; பொழுது சாய்ந்தால் திரை வெறும் கரிச்சட்டிதான். அதனால்தான் பம்பருக்கு அடியில் பதினெட்டு வாட் எல்இடி இரண்டு போடச் சொன்னார். வெம்பக்கோட்டைப் பக்கம் இருக்கும் அவருடைய பட்டாசுக் கம்பெனிப் பாதையில் வண்டியைத் திருப்ப இடம் கிடையாது. ரோட்டுக்கு வரும்போது இருநூறு அடியும் பின்னாலேயே வர வேண்டும். ஒரு பக்கம் முள்வேலி, மறுபக்கம் சுற்றுச்சுவர் இல்லாத கிணறு.

இத்தனை நாளும் வாட்ச்மேன் மொக்கைச்சாமிதான் பின்னால் நின்று குரல் கொடுப்பான். இன்று விளக்கைப் பார்த்ததும் மிரண்டுபோனான்.

"மொதலாளி, பொழுதடைஞ்சா மருந்து ரூமுப் பக்கம் வெளிச்சமே காட்ட மாட்டோம்லா. அணைச்சிருங்க. நா சொல்லுதேன், நீங்க வாங்க."

"ஏலே, ரூமே வெடிச்சுத் தரைமட்டமாகி எம்புட்டு நாளாச்சு? இனி என்னலே மருந்து, மண்ணாங்கட்டி? ஒன் நொள்ளக் கண்ணைவிட என் லைட்டுக்கு நல்லாத் தெரியும். போலே அங்கிட்டு!"

மொக்கைச்சாமி தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டான். கூலிக்காரப் பயல், பயந்தே சாவான்.

கருகிய மருந்து வாடை ஜன்னலை மூடிய பிறகும் மூக்கில் ஏற, சக்கரத்தடியில் சரளைக்கல் நொறுநொறுக்க, கார் மெல்லப் பின்னால் ஊர்ந்தது. பாதி வழியில் திரையில் ஒரு ஆள் தெரிந்தான். மருந்து கலக்குகிறவர்கள் வேலை முடிந்து வெளியே வருவார்களே, அதே கோலம்; கால் முதல் தலைமயிர் வரை அலுமினியப் பொடி. அவனுக்குப் பின்னால் ஒருத்தி. அப்புறம் நாலு பேர். பாதையை அடைத்து நின்றார்கள்.

வெடித்த அன்றைக்கு உள்ளே கருகிச் செத்த இந்த ஆறு பேரும் வேலைக்கே வரவில்லை என்று போலீசில் எழுதிக் கொடுத்தவர் நல்லசிவம். ஒவ்வொருவரையும் அவருக்கு அடையாளம் தெரிந்தது. ஆனாலும் வாய்க்கொழுப்பு அடங்குமா?

"உசுரோட இருக்கையிலயே எதுத்துப் பேச வக்கில்ல. செத்து வந்து மறிக்குதுகளாக்கும்!"

ஆக்ஸிலரேட்டரை மிதித்தார். ஒருவரும் நகரவில்லை. கடைசி நொடியில் அவர்தான் ஸ்டீயரிங்கை ஒடித்தார். தடக்கென்று காரின் பின்பக்கம் இறங்கியது. திரையில் மண் இல்லை. கிணற்றுப் பாறை. வெகு கீழே தண்ணீர்.

முன் கியரைப் போட்டார். விளக்கு அணைந்தது. திரையும் அணைந்தது. முன்சக்கரம் வெறுமனே சுழன்று புழுதியைக் கிளப்பியது. வண்டி ஆடியது.

"மொக்கைச்சாமி! ஏய்யா, ஓடியாய்யா! நல்லாருப்ப!"

எவ்வளவு தொங்குகிறது என்று பார்த்தாக வேண்டும். பிரேக்கை அழுத்திக்கொண்டு ரிவர்ஸுக்கு மாற்றினார்.

வெளிச்சம் நேராகக் கிணற்றுக்குள் விழுந்தது. பாறையைப் பற்றிக்கொண்டு ஆறு பேரும் ஏறி வந்துகொண்டிருந்தார்கள். அவசரமே இல்லை. முதல் ஆள் பம்பரைப் பிடித்தான். டிக்கி மேல் ஏறி உட்கார்ந்தான்.

காரின் மூக்கு லேசாக மேலே எழும்பியது.

அடுத்தவள் கையை நீட்டினாள்.