நான்கு குமிழ்களும் ஒரே இடத்தில்

திங்கள், முற்பகல்.

கேதீஸ்வரனை முதலில் கண்டவள் பக்கத்து வீட்டுச் சமோவாப் பெண். புகை மணி விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. கதவைத் தட்டிப் பார்த்தாள். பிறகு தோளால் இடித்துத் திறந்தாள். கரும்புகைக்குள் அவர் வரவேற்பறைச் சுவரோரம் குப்புறக் கிடந்தார். கையில் ஹீட்டரின் பிளக் இருந்தது. அதைச் சுவரிலிருந்து பிடுங்கியிருந்தார்.

அந்த நேரம் அவருடைய மனைவி கௌரி விரி என்ற புறநகரில் வேலையில் இருந்தாள். விமானப் பயணிகள் பாட்டுக் கேட்கும் ஹெட்போன்களைச் சுருட்டிப் பைகளில் இடும் வேலை. மேற்பார்வையாளர் வந்து பக்கத்தில் நின்றார். எப்போதும் வந்ததும் தன் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் பேசத் தொடங்குவார். அன்று பெயரைச் சொல்லவில்லை. கௌரியின் கைகள் நின்றன.

இருவருக்கும் பார்வை இல்லை. கேதீஸ்வரனுடையதை வன்னியில் ஒரு ஷெல் கொண்டுபோனது. கௌரி பிறந்ததிலிருந்தே எதையும் கண்டதில்லை. ரானுயி என்ற புறநகரில் இருந்த அந்தச் சின்ன வீடும், விரியில் அவளுடைய வேலையும், மாற்றுத்திறனாளிகள் தனியே வாழ உதவும் ஒரு சேவை அமைப்பின் மூலம் கிடைத்தவை. அமைப்பிலிருந்து ஸ்வர்ணா என்ற மதுரைப் பெண் அவ்வப்போது வருவாள். தபாலை வாசித்துச் சொல்வாள், கடைக்குக் கூட்டிப் போவாள். மற்றபடி சமையலும் துவையலும் ரயில் பயணமும் அவர்களே.

அந்த வீட்டில் ஒரு பொருளும் இடம் மாறாது. மாலையில் விருந்தாளி வந்தால் கேதீஸ்வரன் கேட்பார்: “லைட்டைப் போடட்டோ? உங்களுக்கு இருட்டில கஷ்டமெல்லோ.”

அதற்கு முதல் நாள், ஞாயிறு, கௌரியின் அப்பாவின் திவசம். காலை ஷிஃப்ட் முடித்து அவள் வீடு வந்தபோது அண்ணன் இராசநாயகம் படையல் போட்டு முடித்திருந்தார். வீட்டில் சாம்பிராணியும் எலுமிச்சம்பழச் சவர்க்காரமும் மணத்தன. சாப்பிடும்போது கேதீஸ்வரன் அவள் காதுக்குள் சொன்னார்: “உன்ர அண்ணை வந்தா என்னையும் தேய்ச்சுக் கழுவிக் கவிட்டு வைச்சிடுவார் போல.”

அவர் அவளைச் சிரிக்க வைத்தது அதுதான் கடைசி.

செவ்வாய், மாலை.

மவுண்ட் ஆல்பர்ட்டில் அண்ணனின் வீடு. மரச்சுவரில் மழை விடாமல் அடித்தது. விசாரிக்க வந்த பொலிஸ்காரன் கீதன் இந்த நாட்டிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பையன். அவன் தமிழில் தொடங்கும் வாக்கியங்கள் பாதியில் ஆங்கிலத்துக்கு மாறிவிடும்.

“ஸொறி அன்ரி. கொஞ்சம் கேள்வி இருக்கு.”

“கேளும் தம்பி.”

“அங்கிள் அண்டைக்கு என்ன மூட்ல இருந்தவர்? கவலை ஏதும்?”

“ஏன் கேக்கிறீர்?”

அவன் இருந்த நாற்காலி முனகியது.

“அடுப்பில நாலு நொப், திருகிற குமிழ். நாலும் ஓன். மிஞ்சின சாம்பாறு சூடாக்க ஒண்டு காணும். ஏன் நாலும்?”

“நாலுமோ?”

“ஓம். நாலும் ஒரே இடத்தில. ‘ஓஃப்’ எண்டு எழுதியிருக்கெல்லோ, அந்த எழுத்துக்கு ஒட்டினாப்போல பக்கத்தில. ஃபோட்டோவில எழுத்து வடிவாத் தெரியுது. அந்த அடுப்பில ஓஃப்புக்குப் பக்கத்திலதான் ஃபுல் ஹீட். சாம்பாறு வத்திக் கருகிப் புகைச்சிருக்கு. பின்னுக்கு ஒரு தாச்சியில எண்ணெய். பத்தினது அதுதான்.”

அண்ணனின் கோப்பைக்குள் சுற்றிக்கொண்டிருந்த கரண்டி நின்றது. கௌரிக்கு அது கேட்டது.

“வேற என்ன கண்டனீர்?”

“பிளக் எல்லாம் கழட்டியிருக்கு. கெற்றில், ரோஸ்ரர், ரேடியோ, ஹீட்டர்.”

“எல்லாமோ?”

“வீட்டில இருந்த எல்லாம்.”

இராசநாயகம் தொண்டையைச் செருமினார். “பதகளிப்பில கண்டபடி திருகியிருக்கிறான். கண் தெரியாத ரெண்டு பேரை அடுப்போட தனிய விடாதேங்கோ எண்டு நான் எத்தினை தரம் சொன்னனான். ஆர் கேட்டது?”

“அங்கிள், நீங்கள் ஞாயிறு அங்க சமைச்சதா?”

“வடை மட்டும் சுட்டனான். மிச்சமெல்லாம் இங்கயிருந்து கொண்டு போனது. வேற ஒண்டிலயும் கை வைக்கேல்லை.”

கீதன் போகும்போது தயங்கிச் சொன்னான்: வெள்ளிக்கிழமை அமைப்பின் ஆட்கள் கூடுகிறார்கள். கௌரி ரானுயிக்குத் திரும்பலாமா, இல்லை அண்ணனோடுதான் இருக்க வேண்டுமா என்று அன்று முடிவாகும். அவர்கள் பார்த்துக்கொள்ளும் பார்வையற்றோர் எல்லோர் வீட்டிலிருந்தும் அடுப்பை எடுத்துவிடலாமா என்றும் பேசப்போகிறார்கள்.

“நான் என்ர வீட்டுக்குத்தான் போவன்,” என்றாள் கௌரி.

“பிள்ளை, விசர்க் கதை கதையாதை,” என்றார் அண்ணன். குரல் மெலிந்திருந்தது.

புதன்கிழமை தகனம். மண்டபத்துக்கு வெளியே குடைகளுக்கடியில் இரண்டு பேர் மெல்லப் பேசிக்கொண்டார்கள். நாலு அடுப்பையும் ஒரு மனிசன் தெரியாமலோ திருகுவான் என்றது ஒரு குரல். பாவம், அந்த மனிசனுக்கு என்ன மனவருத்தமோ என்றது மற்றது. கண் தெரியாதவர்களுக்குக் காதும் கேட்காது என்று நினைப்பவர்கள் எங்கும் உண்டு. பக்கத்தில் அண்ணன் நிற்க, கௌரி வெள்ளைப் பிரம்பை மடக்கி மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தாள். பயந்த மனிதன் வாசலுக்கு ஓடுவான். சாக நினைத்த மனிதன் பிளக்குகளைக் கழற்றமாட்டான். அவர் எதையோ தேடியிருக்கிறார்.

வியாழன், பிற்பகல்.

ஸ்வர்ணா ரானுயி வீட்டு வாசலில் காரை நிறுத்தினாள். அவள் சளிக்காய்ச்சலில் கிடந்து அன்றுதான் எழுந்திருந்தாள்.

“கௌரி அக்கா, கண்டிப்பா உள்ள போகணுமா?”

“ஓம்.”

வீடு ஈரக்கரியாய் மணத்தது. விசாரணை முடியும்வரை எதையும் தொடவேண்டாம் என்று சொல்லியிருந்ததால், கௌரி கீதனைத் தொலைபேசியில் கேட்டாள். படம் எல்லாம் எடுத்தாயிற்று, திருகாமல் தொட்டுப் பார்க்கலாம் என்றான்.

சமையலறை வாசலிலிருந்து அடுப்புவரை அவள் கால்களுக்கு வழி தெரியும். மேல்தட்டு எரிந்து விழுந்திருந்தது. அடுப்பின் முன்முகம் மட்டும் கரி படிந்து தப்பியிருந்தது. அதில் நான்கு குமிழ்கள். ஒவ்வொரு குமிழின் நுனியிலும் ஒரு ரப்பர் பொட்டு. அதற்கு நேரே பலகையில் இன்னொரு பொட்டு. வீட்டுக்கு வந்த புதிதில் ஸ்வர்ணா ஒட்டிக்கொடுத்தவை. தொடங்கும்போது பொட்டைத் தேடத் தேவையில்லை, பிடித்துத் திருகினால் போதும். நிறுத்தும்போதுதான் விரல் தேடும். இரண்டு பொட்டும் சந்தித்தால் அடுப்பு நின்றுவிட்டது.

கௌரி முதல் குமிழைத் தொட்டாள். பொட்டும் பொட்டும் சந்தித்திருந்தன. இரண்டாவது, மூன்றாவது, நான்காவது. எல்லாம் அப்படியே.

“ஸ்வர்ணா, அடுப்பு நிப்பாட்டியிருக்கு.”

“இல்லக்கா. நாலும் ஆன்லதான் இருக்கு. நான் பாத்துட்டுதான இருக்கேன்.”

“நீர் பாக்கிறீர். நான் தொடுறன்.” அவள் விரல் பலகைப் பொட்டின் விளிம்பில் நின்றது. அங்கே ஏதோ கசிந்து கல்லாய் இறுகியிருந்தது. அந்தச் சொரசொரப்பு அவளுக்குப் புதிது. “இதை எங்க ஒட்டினீர், ஞாபகம் இருக்கோ?”

“மறக்குமா? கேதீஸ் அண்ணா விரலப் பிடிச்சு வச்சுதான் ஒட்டினேன். ஆஃப்னு எழுதியிருக்கே, சரியா அந்த எழுத்து மேலயே. ‘எழுத்த மூடிட்டியே, விருந்தாளிங்க என்ன பண்ணுவாங்க’ன்னு கேட்டாரு. ‘தடவிப் பாக்கட்டும்’னு அவரே சொல்லிச் சிரிச்சாரு.”

கௌரி அடுப்பிலிருந்து கையை எடுக்கவில்லை.

“எழுத்துக்கு மேல ஒட்டினதெண்டால், பொலிஸ் தம்பி எழுத்தை எப்பிடி வாசிச்சவர்?”

ஸ்வர்ணா குனிந்து பார்த்தாள். அவள் கை பொட்டை நோக்கி நீண்டு கௌரியின் தோளை உரசியது.

“நீர் கையை நீட்டாதேயும். நாளைக்கு எல்லாரையும் இங்கயே வரச் சொல்லும்.”

வெள்ளி, காலை.

சமையலறையில் நாலு பேர்தான் நிற்க முடிந்தது. கௌரி, கீதன், ஸ்வர்ணா, இராசநாயகம். அமைப்பின் மேலாளர் வாசல்படியில் நின்றார். ஸ்வர்ணா அவருக்கு மெல்ல ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“தம்பி, உம்மட படமெல்லாம் கிடக்குத்தானே?”

“ஓம் அன்ரி. எல்லாம் ரெக்கோர்ட் பண்ணியாச்சு.”

“அப்ப முதல் நொப்பை எழுத்துக்கு நேர வையும். உம்மட கண்ணுக்கு நிப்பாட்டினபடி.”

அவன் திருப்பினான்.

“இப்ப கண்ணை மூடும். பொட்டைத் தொடும். ரெண்டும் சந்திக்குதோ?”

“இல்லை.”

“எங்கட வீட்டில ரெண்டு பொட்டும் சந்திச்சாத்தான் அடுப்பு நிண்டது. கண்ணைத் திறக்காமல் நிப்பாட்டும்.”

குமிழ் மெல்லத் திரும்பியது.

“நிப்பாட்டிட்டீரோ?”

“யெஸ். ரெண்டும் முட்டுது.”

“கண்ணைத் திறவும்.”

மழை கூரையில் கேட்டது.

“அன்ரி, இது… அதே இடம். ஃபோட்டோவில இருந்த அதே இடம்.”

“அவர் நாலையும் போடேல்லைத் தம்பி. நாலையும் நிப்பாட்டினவர்.”

அவள் அடுப்பின் பக்கம் முகத்தைத் திருப்பி நின்று, வேறு யாருக்கோ நடந்ததைப் போல நிதானமாகச் சொன்னாள்.

“சாம்பாறைச் சூடாக்கினார். பொட்டுச் சந்திக்கும் வரைக்கும் திருகி நிப்பாட்டினார். உண்மையில அது முழுச் சூட்டில நிண்டது. சாம்பாறு கருகிப் புகை மணி அடிச்சுது. ஓடி வந்து தடவினார். சமைச்ச அடுப்பு விரலுக்கு நிண்டபடி. மற்ற மூண்டிலயும் பொட்டுச் சந்திக்கேல்லை. ஆரோ தெரியாமல் போட்டிட்டினம் எண்டு அதுகளையும் ‘நிப்பாட்டினார்’. வடை சுட்ட எண்ணெய்த் தாச்சிக்குக் கீழ இருந்தது அதில ஒண்டு. அடுப்பில பிழையில்லை எண்டால் நெருப்பு எங்க? கெற்றிலோ, ரேடியோவோ? ஒவ்வொரு பிளக்காக் கழட்டிக்கொண்டு போனார். ஹீட்டர்தான் கடைசி.”

ஸ்வர்ணா அழுதுவிட்டாள். “நான் ஒட்டுனது அப்படி இல்லக்கா. சத்தியமா.”

“தெரியும். சனிக்கிழமை பின்னேரம் நான் இதில மீன் பொரிச்சனான். பொட்டைப் பாத்துத்தான் நிப்பாட்டினனான். ஞாயிறு விடிய வேலைக்குப் போகேக்க அடுப்பு சில்லெண்டு இருந்தது. அதுவரைக்கும் பொட்டு சரியான இடத்தில. ஞாயிறு மத்தியானம் நான் வரேக்க வீட்டில மீன் வாசமே இல்லை. அண்டைக்கு இரவும் படையல் சோறுதான், நான் அடுப்பைத் தொடேல்லை.”

அவள் முகம் அண்ணன் நின்ற பக்கம் திரும்பியது.

“அண்ணை. மச்சம் பொரிச்ச அடுப்பில, தேய்ச்சுக் கழுவாமல், அப்பாவின்ர படையலுக்கு வடை சுடுற ஆளோ நீங்கள்?”

இராசநாயகம் சுவரில் சாய்ந்தார். சுவரின் கரி உதிரும் சத்தம் அந்த அறையில் கேட்டது.

“எண்ணெய் பிடிச்சு ஊத்தையாக் கிடந்தது, பிள்ளை. பொட்டைச் சுத்தி மீன் செதிலும். கழட்டித் தேய்ச்சனான். நாலையும். கீழ எழுத்து வடிவா, புதுசு மாதிரி இருந்தது. அதை ஏன் மறைப்பான் எண்டு பக்கத்தில ஒட்டினனான். பசை போட்டு, கழராத மாதிரி ஒட்டினனான். ஒரு விரல் அகலம்தான். எழுத்துத் தெரியவேணும் எண்டுதான்.”

“ஆருக்கு, அண்ணை?”

அவர் சட்டையில் ஒட்டிய கரியைத் தட்டினார்.

“மச்சானிட்டச் சொன்னனீங்களோ?”

“அடுப்பு பளபளக்குது எண்டு சொன்னனான். பொட்டைப் பற்றிச் சொல்லேல்லை. அது பெரிய விசயம் எண்டு எனக்குத் தெரியாது.”

“செவ்வாய்க்கிழமை தெரிஞ்சுது. தம்பி எழுத்தைப் பற்றிச் சொல்லேக்க உங்கட கரண்டி நிண்டது. அதுக்குப் பிறகும் அவர் பதகளிச்சவர் எண்டு சொன்னனீங்கள். சாக நினைச்சவர் எண்டு சனம் கதைக்கேக்கயும் பேசாமல் நிண்டனீங்கள்.”

அவர் அவளுடைய கையைத் தேடினார். அவள் கைகள் இரண்டும் பிரம்பின் மேல் இருந்தன.

கீதன் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டான். மரண விசாரணை அதிகாரி இதை விபத்தென்றுதான் முடிப்பார், ஆனால் யாருடைய தவறென்பதும் அதில் இருக்கும் என்றான். மேலாளர் வாசல்படியிலிருந்து இறங்கி மழையில் நின்று யாருக்கோ தொலைபேசினார். அடுப்புகளை எடுக்கும் பேச்சு அன்றோடு நின்றது.

கரியைச் சுரண்டி, சுவருக்கு வர்ணம் பூசி, கௌரி ரானுயிக்குத் திரும்பியபோது குளிர்காலம் முடிந்திருந்தது. புது அடுப்பில் ஸ்வர்ணா அவள் விரலைப் பிடித்து, எழுத்துகளின் மேலேயே பொட்டு வைத்தாள். இராசநாயகம் சில ஞாயிறுகளில் வருவார். வாசலுக்கு அருகில் இருந்த நாற்காலியில் இருப்பார். கோப்பையைக்கூடத் தானே எடுத்து வைக்கமாட்டார். எங்கே வைக்கட்டும் என்று கேட்பார். அவள் சொல்வாள்.

வேலைக்குப் போகுமுன் அவள் ஒருவருக்கான தேநீரைப் போடுவாள். விரல் பொட்டைத் தேடிச் சந்திக்க வைக்கும். பிறகு அடுப்பின் மேல் உள்ளங்கையை விரித்துக்கொண்டு, சூடு முழுதும் அடங்கும்வரை அங்கேயே நிற்பாள். சில நாட்களில் ரயிலைத் தவறவிடுவாள். அந்தப் பழக்கம் முன்பு அவளிடம் இருந்ததில்லை.